ஏக்கம் இல்லாதவன் ஆடிய ஏக்க விளையாட்டு

பில்லர்ஸ் ஒஃப் இட்டர்னிட்டி என்ற கணினி விளையாட்டைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் விளையாட்டைப் பற்றி எழுதவில்லை, தங்கள் பதின்ம வயதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். 1998 இல் வந்த போல்டர்ஸ் கேட், 1999 இல் வந்த பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட், 2000 இல் வந்த ஐஸ்விண்ட் டேல் என்று மூன்று பழைய விளையாட்டின் பெயரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்த நாள் திரும்பி வந்துவிட்டது என்று முடிப்பார்கள். அவர்களுக்கு அது நியாயம்தான்.

இலங்கையின் வடக்கில் எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களுக்குக் கணக்கு வேறு. போல்டர்ஸ் கேட்டின் இரண்டாம் பாகம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2000 செப்டெம்பரில். அந்த ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டுப் போரில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்து, சண்டை சாவகச்சேரி வரைக்கும் வந்து, தென்மராட்சியின் பெரும்பகுதி சனம் இல்லாமல் கிடந்தது. 1990 இல் நின்ற ரயில் கொடிகாமத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி ஓடியது 2014 ஒக்டோபரில். பில்லர்ஸ் வெளிவந்தது 2015 மார்ச் 26 அன்று, அதாவது ரயில் வந்து ஆறு மாதம் ஆகுமுன். ஆகவே இந்த விளையாட்டு யாருடைய நினைவைத் தட்டி எழுப்பவென்று செய்யப்பட்டதோ அந்த ஆள் நான் இல்லை. பழைய மூன்றில் ஒன்றையும் அந்தக் காலத்தில் நான் ஆடியதில்லை. பத்து வருடம் பிந்தித்தான் பில்லர்ஸையே திறந்தேன். எனவே எனக்கு இருந்தது ஒரே கேள்வி: ஏக்கத்தைக் கழித்துவிட்டால் இதில் மிச்சம் என்ன?

மிச்சம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது இருக்கிற இடம் காசு போட்டவர்கள் கேட்ட இடம் இல்லை.

காசுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்சிடியன் என்டர்டெயின்மென்ட் 2003 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். தொடங்கியவர்கள் பிளாக் ஐல் ஸ்டூடியோஸிலிருந்து வந்தவர்கள். டோர்மென்ட்டும் ஐஸ்விண்ட் டேலும் அங்கே பிறந்தவை. போல்டர்ஸ் கேட்டைச் செய்தது கனடாவின் பயோவேர். மூன்றுக்கும் அடியில் ஓடியது பயோவேரின் இன்பினிட்டி என்ஜின் என்ற ஒரே மென்பொருள். மேலேயிருந்து சரிவாகப் பார்க்கிற தீட்டிய பின்னணி, நாம் நடத்துகிற ஒரு குழு, நிறுத்தி நிறுத்திக் கட்டளை கொடுக்கிற சண்டை, பக்கம் பக்கமாக உரையாடல் என்று அந்த வகைக்கு ஒரு முகம் உண்டு. பின்னாளில் பெரிய வெளியீட்டாளர்கள் இந்த வகைக்குக் காசு போடுவதை விட்டுவிட்டார்கள். 2012 இல் ஒப்சிடியன் மைக்ரோசொஃப்டுக்காகச் செய்துகொண்டிருந்த ஒரு பெரிய வேலை இடையில் ரத்தாகி, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் தொடங்கி மார்ச்சுக்குள்தான் டபுள் ஃபைன் என்ற நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடமே 30 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் காட்டியிருந்தது.

ஒப்சிடியனும் அந்த வழிக்கு வந்தது. செப்டெம்பர் 14 அன்று 'புரொஜெக்ட் இட்டர்னிட்டி' என்ற பெயரில் 11 இலட்சம் டொலர் கேட்டார்கள். ஒரு நாள் சொச்சத்தில் அது சேர்ந்துவிட்டது. ஒக்டோபர் 16 இல் மூடும்போது 73,986 பேர் சேர்ந்து ஏறத்தாழ 39 இலட்சத்து 87 ஆயிரம் டொலர் கொடுத்திருந்தார்கள். இடையில் ஏலம் போல வாக்குறுதிகள் ஏறின. 30 இலட்சம் தாண்டினால் உங்களுக்கென்று ஒரு கோட்டை, 35 இலட்சம் தாண்டினால் இரண்டாவது பெரிய நகரம், ஆட்கள் கூடக் கூட அந்தக் கோட்டைக்குக் கீழே பாதாளத்தில் தளத்துக்கு மேல் தளம். கடைசியில் அந்தப் பாதாளம் 15 தளமாக நின்றது.

கோயில் திருப்பணிக்குக் காசு சேர்க்கிற முறை தெரிந்த எங்களுக்கு இதில் புதுமை இல்லை. லண்டனும் ரொரன்ரோவும் அனுப்புகிற காசில் கோபுரம் எழும்பும், கூடவே ரியூப்லைட் வரைக்கும் உபயகாரரின் பெயர் ஏறும். பில்லர்ஸிலும் ஊர்த்தெருவில், சத்திரத்தில், கோட்டை வாசலில் தங்க நிறப் பெயர்ப்பட்டியோடு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் பெருந்தொகை கொடுத்தவர்கள் எழுதிக்கொடுத்த ஆட்கள். நம் பாத்திரத்துக்கு மற்றவர்களின் ஆன்மாவுக்குள் எட்டிப் பார்க்கிற சக்தி உண்டு என்பதால், தொட்டால் அவரவருடைய முற்பிறவிக் கதை ஒரு பத்தியாக விரியும். சிலது பரவாயில்லை, பலது பள்ளிக்கூடக் கட்டுரை. எதற்கும் கதையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புதிதாக வருகிறவருக்கு அது தெரியாது. தங்கப் பெயர் என்றால் முக்கியமான ஆளாக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாக வாசித்து, நாலாவது ஊருக்குள் நுழையுமுன் களைத்துப்போவார். கல்லறைகளிலும் கொடையாளிகளின் வரிகள் உண்டு. வெளிவந்த சில நாளிலேயே அதில் ஒன்று சர்ச்சையாகி, வேறு வரி போட வேண்டி வந்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்: தங்க எழுத்தைக் கண்டால் விலகி நடவுங்கள், ஒன்றும் குறையாது.

இனி இயந்திரம். விளையாட்டு கேட்கிற குறைந்தபட்சத் தகுதி இன்றைக்குச் சிரிப்புக்கு உரியது: இன்டெல் ஐ3 2100ரி வகைப் புரொசெசர், 4 ஜிபி ரேம், 14 ஜிபி இடம். என்னுடையது யாரோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்த லப்டொப். தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது. அதில் பின்னணி அழகு குறையாமல், காற்றாடி அலறாமல் ஓடியது. காரணம் எளிது. காடும் ஊரும் முன்கூட்டியே தீட்டி வைத்த படங்கள். அதன் மேல் ஆட்களும் மந்திரப் புகையும் மட்டும்தான் முப்பரிமாணத்தில் அசைகின்றன. தண்ணீர் ஓடுவதும், பொழுது சாய்ந்தால் நிழல் நீளுவதும் அந்தப் படத்துக்குள்ளேயே நடக்கிறது. பழைய இன்பினிட்டி என்ஜினின் தோற்றத்தை யுனிட்டி என்ற புதிய கருவியில் கட்டியிருக்கிறார்கள்.

சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு வீட்டுக் கதவைத் திறந்தாலும், மாடிக்கு ஏறினாலும் ஏற்றுதிரை வரும். தேத்தண்ணீர் ஊற்றி வரலாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோப்பையைக் கழுவி வைக்கலாம். எஸ்எஸ்டிக்கு மாற்றினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். இந்த விளையாட்டுக்காக எதற்காவது காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

வாங்கும் வழியும் முக்கியம். ஸ்டீமில் எங்களுக்கு விலை டொலரில்தான் நிற்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொலர் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே எல்லாருக்கும் வயிறு பிசையும். விரிவாக்கங்கள் எல்லாம் சேர்ந்த 'டெஃபினிட்டிவ் எடிஷன்' 2017 இல் வந்தது, முழுவிலை சுமார் 40 டொலர். முழுவிலைக்கு ஒருபோதும் வாங்காதீர்கள். அடிக்கடி பாதிக்கும் கீழே இறங்கும், கால்வாசிக்கும் வரும். ஜிஓஜி தளத்தில் வாங்கினால் இன்னொரு வசதி உண்டு. நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே தேவையில்லை. சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கிற வளவுகளில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆட்டத்துக்கு வருவோம். ஆளைப் படைக்கும்போதே 11 வகுப்புகளும் ஆறு குணங்களும் எதிரே நிற்கும். திட்ட இயக்குநர் ஜொஷ் சோயர் பழைய விளையாட்டுகளில் இருந்த ஒரு அநியாயத்தைத் திருத்த நினைத்தார். அங்கே மந்திரவாதிக்கு உடல்வலு கூட்டினால் அது வீண். இங்கே 'மைட்' என்கிற வலு வாள்வெட்டுக்கும் மந்திர நெருப்புக்கும் மருத்துவத்துக்கும் ஒன்றுபோல உதவும். எந்த வகுப்புக்கும் எந்தக் குணமும் முழுக்க வீணாகாது. தெரியாமல் ஆளைப் படைத்துவிட்டு இருபது மணித்தியாலம் கழித்துத் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. பழைய விளையாட்டுகளின் சட்டப்புத்தகம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் உரிமை இவர்களிடம் இல்லாததால் சொந்தமாகச் சட்டம் எழுத வேண்டி வந்தது. அந்த இல்லாமைதான் இந்த விளையாட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பது என் எண்ணம்.

எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி இல்லை என்பது இன்னொரு நல்ல முடிவு. வேலையை முடித்தால், புது இடம் கண்டால், ஒரு மிருகத்தைப் பற்றிய குறிப்பேடு நிறைந்தால் புள்ளி. ஒரு காவலனை ஏமாற்றிக் கடந்து போனாலும் வெட்டிக் கடந்து போனாலும் கூலி ஒன்றுதான். அதனால் சண்டையைத் தேடிப் போகிற அவதி இல்லை.

அக்கா மகன் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பார்த்தான். கையில் போனில் சுட்டுத் தள்ளிப் பழகிய பெடியன்.

"மாமா, எப்ப அடிபடப் போறியள்? ஒரே வாசிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறியள்."

"பொறடா. இந்தக் குகைக்குள்ள ஒண்டு இருக்கு."

இருந்தது கரடி. முதல் ஊருக்குப் போகிற வழியில், வேல்வுட் காட்டில், ஒரு சின்னக் குகைக்குள். இந்த விளையாட்டைத் தொடங்கிய எல்லாருக்கும் அந்தக் கரடியைத் தெரியும். எங்கள் ஆட்கள் வரிசையாக விழ, இவன் சிரித்த சிரிப்பு குசினி வரை கேட்டது. "உவ்வளவு பேர் சேர்ந்தும் ஒரு கரடியை ஏலாதோ?" ஏலாது. அந்த நேரத்தில் அந்தக் குகையை விட்டுவிட்டுப் பிறகு வரவேண்டும் என்பதுதான் அங்கே படிக்க வேண்டியது. உன் தரத்துக்கு ஏற்ப எதிரியைக் குறைத்துத் தருகிற இன்றைய வழக்கம் இங்கே பெரிதாக இல்லை. காட்டில் கரடி கரடியாகவே இருக்கிறது.

சண்டையின் சுவை பிடிபடும் இடம் முதல் ஊரான கில்டட் வேலில், இடிந்த கோயிலுக்குக் கீழே. ஒடுங்கிய நடை, இருட்டு, எதிரே நிழலுருவங்கள். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் எல்லாம் உறையும். கேடயம் பிடித்த எடேர் என்ற தோழனை நடையின் வாயில் நிறுத்துகிறோம். அவனைத் தாண்டிப் போக முயலும் எதிரி முதுகில் ஒரு வெட்டு வாங்கித்தான் போக வேண்டும், அதுதான் இங்கே மறிப்பு. பின்னால் அலோத் என்ற எல்ஃப் மந்திரவாதி விசிறி வடிவில் நெருப்பை விடத் தயாராகிறான். விடுமுன் தரையில் சிவப்புப் பரப்பு விழும். அதற்குள் எங்கள் ஆள் நின்றால் அவனும் எரிவான். அறிவுக்கூர்மை அதிகமான மந்திரவாதிக்கு அதன் வெளி ஓரத்தில் மஞ்சள் விளிம்பு ஒன்று சேரும், அது எதிரியை மட்டும் சுடும். எடேரின் தோளுக்கு மேலால் அந்த மஞ்சள் விளிம்பு மட்டும் எதிரியில் படுகிற மாதிரி சுட்டியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறோம். சரி என்று விட்டால், நிழலுருவம் ஒன்று மறைந்து எல்லா மறிப்பையும் தாண்டி அலோத்தின் பக்கத்தில் முளைக்கிறது. மறுபடி ஸ்பேஸ்பார்.

வேகத்தைக் குறைக்கிற பொத்தானும் கூட்டுகிற பொத்தானும் உண்டு. சண்டையில் குறைத்தும் நடையில் கூட்டியும் ஆடினால் ஒன்றும் தவறாது. அடி வாங்கினால் இரண்டு அளவுகள் குறையும். ஒன்று சண்டை முடிந்ததும் தானாக நிரம்பும், மற்றது படுத்து எழும்பினால்தான். படுக்கத் தேவையான முகாம் பொருளோ கையில் எண்ணித்தான் கொண்டு போகலாம்: நோர்மலில் நாலு, ஹார்டில் இரண்டு. பழைய விளையாட்டுகளில் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு படுத்து எழும்பும் பழக்கத்தை இதனால் வெட்டிவிட்டார்கள். சிக்கனம் தெரிந்தவருக்கு இந்த முறை பிடிக்கும்.

இதெல்லாம் நல்ல கைவேலை. ஆனால் கில்டட் வேல் ஊரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. குடியேற வருகிறவர்களுக்குக் காணி தருகிறோம் என்று அந்த ஊரின் பிரபு ரேட்ரிக் அறிவித்திருக்கிறான். நம் ஆள் ஒரு வண்டித் தொடரில் அதை நம்பித்தான் வருகிறான். வழியில் கூட வந்தவர்கள் செத்துப்போக, தனியாக ஊருக்குள் நுழைகிறோம். ஊர் நடுவில் ஒரு பெரிய மொட்டை மரம். கிளைகளில் தூக்கில் போட்டவர்கள் தொங்குகிறார்கள். அந்த ஊரில் குழந்தைகள் ஆன்மா இல்லாமல் பிறக்கின்றன. மூச்சு உண்டு, உடம்பு உண்டு, உள்ளே ஆள் இல்லை. யாரால் வந்த வினை என்று தெரியாததால் கிடைத்தவர்களை எல்லாம் தூக்கில் போட்டிருக்கிறார்கள். முன்பு மருந்து என்று சொல்லி அந்தக் குழந்தைகளுக்குள் மிருகங்களின் ஆன்மாவைப் புகுத்தியும் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்ததும் அவை மூர்க்கமாகின. மாயாஜாலக் கதையில் இப்படியொரு வேதனையை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த வினை தொடங்கியது ஒரு போருக்குப் பிறகு. அயல்நாடான ரெட்செராஸில் வைட்வென் என்ற விவசாயி, தன் மேல் இயோதாஸ் என்ற தெய்வம் இறங்கியதாகச் சொல்லி, படை திரட்டிக்கொண்டு டியர்வுட் நாட்டுக்குள் வந்தான். ஒரு பாலத்தில் வைத்துக் குண்டு வைத்து அவனையும் அவனோடு அந்தத் தெய்வத்தையும் அழித்தார்கள். நாம் ஊருக்குள் நுழையும்போது போர் முடிந்து ஏறத்தாழப் பதினைந்து வருடம். வென்ற நாடு. ஆனாலும் இயோதாஸைக் கும்பிட்டவர்கள் மேல் சந்தேகம் போகவில்லை, அவர்களின் கோயிலை இடித்துவிட்டார்கள். நாம் நிலவறையில் சண்டை பிடித்த அந்தக் கோயில் அதுதான்.

எடேரை முதலில் காண்பது அந்த மரத்தடியில். சுங்கான் பிடித்தபடி, அடுத்தது நானாகத்தான் இருக்கும் என்பது போலப் பேசுகிற விவசாயி. அவன் இயோதாஸ் பக்தன், ஆனால் தன் நாட்டுக்காக இயோதாஸின் படைக்கு எதிராகச் சண்டை பிடித்தவன். அவனுடைய உடன்பிறந்தவன் வோடன் அதே போரில் செத்தான். எங்கள் பக்கம் நின்றுதான் செத்தான் என்று எடேர் நம்பியிருந்தான். பிறகு, இல்லை, அவன் மற்றப் பக்கம் போய்விட்டான் என்று கேள்விப்படுகிறான். ஏன் போனான், எங்கே விழுந்தான்? பழைய படைப் பதிவுகளை விசாரிக்கிறோம், ஆட்களைக் கேட்கிறோம், சண்டை நடந்த நிலத்துக்குப் போகிறோம். இறந்தவர்களின் நினைவையே வாசிக்கிற சக்தி நம் ஆளிடம் இருந்தும், எடேருக்கு வேண்டிய விடை முழுசாகக் கிடைப்பதில்லை.

ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போகிறவர்கள் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி தொடக்கம் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருந்த தாய்மாரைக் கண்டிருப்பார்கள். இரண்டையும் ஒன்று என்று சொல்வது அநியாயம். எடேர் ஓர் எழுத்தாளர் எழுதிய ஆள், அவ்வளவுதான். ஆனால் பதிவேட்டைக் கேட்டு அலைவது என்றால் என்ன, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும், கிடைத்த அரைத் தகவலோடு ஒரு மனிதன் அடுத்த நாள் காலையில் என்ன செய்வான் என்பதை இந்த எழுத்து தெரிந்து எழுதியிருக்கிறது. எடேர் அழுவதில்லை, வசனம் பேசுவதில்லை. ஒரு பகிடி விட்டுவிட்டு எதிரே வருகிற நாயைத் தடவுகிறான். அவனை எழுதிய எரிக் ஃபென்ஸ்டர்மேக்கருக்கு அந்த அடக்கம் தெரிந்திருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. டியூரன்ஸ் என்ற பூசாரியையும் 'கிரீவிங் மதர்' என்ற பெண்ணையும் எழுதியவர் டோர்மென்ட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் கிறிஸ் அவலோன். டியூரன்ஸ் அந்தக் குண்டைச் செய்தவர்களில் ஒருவன், அருமையான பின்புலம். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பக்கம் பேசுவான், அடுத்த கேள்விக்கும் அதே மூன்று பக்கம். டோர்மென்ட்டை நேசித்தவர்களுக்கு அது பழைய மணமாக இருக்கலாம். எனக்கு அது வெட்டப்படாத கையெழுத்துப் பிரதி.

ஆங்கில வாசிப்பு இங்கே உண்மையிலேயே அதிகம். பெரும்பாலான உரையாடலுக்குக் குரல் இல்லை, வாசிக்கத்தான் வேண்டும். தொடக்கத்தில் நாடுகளும் தெய்வங்களும் வருடக்கணக்கும் ஒரே மூச்சில் கொட்டப்படும்.   பயப்படாமல் கில்டட் வேலைக் கடந்துவிட்டால் மற்றது தானாகப் பிடிபடும்.

காசு போட்டவர்கள் கேட்டு வாங்கியவற்றுக்கு இனி வருவோம். கேட் நூவா கோட்டை 30 இலட்சத்தின் பலன். இடிந்து கிடக்கும், செப்புக்காசு கொட்டிக் கொட்டிச் சுவரும் சந்தையும் திருத்தலாம். திருத்தி என்ன பயன் என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. பின்னர் வந்த திருத்தங்களில் கொஞ்சம் உயிர் ஊட்டப் பார்த்தார்கள். அதற்குக் கீழே 15 தளப் பாதாளம். முதல் சில தளங்களில் ஒரு கதை இருக்கிறது, அடியில் ஒரு டிராகன் இருக்கிறது, நடுவில் இருப்பது அறைக்குப் பின் அறை. 35 இலட்சத்தின் பலனான இரண்டாவது பெரிய நகரம் ட்வின் எல்ம்ஸ். கதை உச்சத்துக்கு ஓடுகிற நேரத்தில் அது குறுக்கே நிற்கிறது. முதல் பெரிய நகரமான டிஃபையன்ஸ் பேயில் தெருவுக்குத் தெரு வழக்கும் கட்சியும் இருந்தன. இங்கே மரமும் வெளியும்தான் நிறைய.

கேட்டதைக் கொடுத்த இடமெல்லாம் மெலிவு, கேட்காததை எழுதிய இடமெல்லாம் செழிப்பு. பழைய விளையாட்டில் கோட்டை இருந்தது, ஆகவே கோட்டை வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கேட்டிருக்கலாம். போருக்குப் பிந்திய ஊரில் ஆன்மா இல்லாத குழந்தையை வேண்டுமென்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்தக் காசு இல்லாமல் எடேரும் இல்லை, அதையும் மறுக்க முடியாது. கூட்டுக் காசு எல்லாருக்கும் வாய்ப்பதும் இல்லை. பூனாவின் நொடிங் ஹெட்ஸ் நிறுவனம் செய்த ராஜி என்ற விளையாட்டு 2017 இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகை சேராமல் தோற்றது. நம் கோயில் சிற்பமும் புராணமும் நிறைந்த அந்த விளையாட்டு 2020 இல் வேறு வழிகளில்தான் வெளியே வந்தது. 1990களின் அமெரிக்க ஏக்கத்துக்கு முக்கால் இலட்சம் கைகள் நீண்ட இடத்தில், முன் உதாரணம் இல்லாத ஒன்றுக்கு நீளவில்லை. மற்றப் பக்கம் பார்த்தால், பெல்ஜியத்தின் லேரியன் 2013 இல் டிவினிட்டி: ஒரிஜினல் சின்னுக்கு இப்படித்தான் காசு சேர்த்தது, பத்து வருடத்தில் போல்டர்ஸ் கேட்டின் மூன்றாம் பாகத்தையே செய்து உலகத்தை வாய்பிளக்க வைத்தது. என் லப்டொப் அதைக் கண்டால் மூச்சு நிறுத்திவிடும். ஆகவே அதைப் பற்றி என்னிடம் கருத்து இல்லை.

பில்லர்ஸின் இரண்டாம் பாகம் டெட்ஃபயருக்கு 2017 இல் ஃபிக் என்ற தளத்தில் 44 இலட்சம் டொலர் சேர்ந்தது. 2018 மே மாதம் வெளிவந்தது. தீவுகள், கப்பல்கள், குடியேற்ற வணிகக் கம்பனி என்று பார்வைக்கு இன்னும் அழகு, விற்பனை தொடக்கத்தில் சோர்வு. அதே ஆண்டு நவம்பரில் ஒப்சிடியனை வாங்கப்போவதாக அறிவித்தது மைக்ரோசொஃப்ட், முன்னர் எந்த நிறுவனத்தின் திட்டம் ரத்தாகி இவர்கள் பொதுமக்களிடம் வந்தார்களோ அதே நிறுவனம். 2025 பெப்ரவரியில் வந்த அவவ்ட் இதே இயோரா உலகத்தில் நடக்கிறது. அதில் மேலிருந்து பார்க்கும் பழைய கோணம் இல்லை.

இப்போது தொடங்குகிறவருக்கு: முதல்முறை நோர்மலில் ஆடுங்கள். சண்டையில் மனமில்லை, கதை போதும் என்றால் 'ஸ்டோரி டைம்' என்ற நிலை இருக்கிறது, அதில் கரடிகூடக் கொஞ்சம் மரியாதையாக நடக்கும். குழுவுக்கு ஆட்களை விடுதியில் காசு கொடுத்துப் படைக்கலாம், ஆனால் மூல விளையாட்டில் எழுத்தாளர்கள் எழுதிய எட்டுப் பேரும் அதைவிடப் பெறுமதி. 'வைட் மார்ச்' என்ற இரண்டு பாக விரிவாக்கத்துக்கு ஏழாம் எட்டாம் நிலைக்கு வந்தபின் போங்கள். பனிமலை ஊர், இறுக்கமான கதை, மூலத்தைவிட நன்றாகச் செதுக்கிய சண்டைகள். அதை நடுவில் ஆடினால் ட்வின் எல்ம்ஸின் சோர்வும் அவ்வளவாகத் தெரியாது. எடேரை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதாளத்தின் அடித் தளங்களைக் கடைசிக்கு வையுங்கள், அலுத்தால் விட்டுவிடலாம், டிராகன் அங்கேயே இருக்கும்.